ஆம், அது என் அக்காதான்

பின்னல் கலையாத என் கோமதி அக்காவுக்கு,

நீ போய் ஓர் ஆண்டும் சில வாரங்களும் ஆகின்றன. சரியான நாள் கணக்கையே என்னால் சொல்ல முடியும். சொன்னால், "ஒனக்கு எல்லாத்துக்கும் தேதி வேணும்டா தம்பி" என்று சிரிப்பாய். ஆகவே விட்டுவிடுகிறேன்.

பவானிபூர் வீட்டில் எல்லாரும் நலம். உன் தையல் மிஷினை நாங்கள் நகர்த்தவில்லை. என் மனைவி அதன்மேல் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் வைத்திருக்கிறாள். ஜன்னல் வெயிலுக்கு அது நன்றாகவே வளர்கிறது. கீழ் வீட்டு மித்ரா மாஷிமா, நம் வங்காளச் சித்தி, இப்போதும் மாலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சியைத் தெருமுனை வரை கேட்கும்படி வைக்கிறார். அந்தத் தொலைக்காட்சியைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இதை நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுப்பப் போகிறேன். உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சில உண்மைகளை முதலில் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. என் அக்கா கோமதி, டாலிகஞ்சில் வங்காளத் தொடர்கள் எடுக்கும் ஒரு ஸ்டூடியோவின் உடைப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தாள். அங்கே ஒரு காட்சியின் பாதியைத் திங்கட்கிழமை எடுப்பார்கள், மீதியை வியாழக்கிழமை எடுப்பார்கள். இரண்டு நாளும் கதாநாயகி அதே சேலையை அதே மடிப்பில் கட்டியிருக்க வேண்டும். அந்த மடிப்பையும் வளையல்களையும் பொட்டின் அளவையும் நோட்டில் எழுதி வைத்துக் காப்பாற்றுவது அவள் பொறுப்பு. அவளுக்கு இருபத்தேழாவது வயதிலிருந்து இருமுனை மனநோய் இருந்தது. முப்பத்தோரு ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டாள். மூன்று முறை மருத்துவமனையில் தங்கினாள். ஐம்பத்தெட்டாவது வயதில் நிமோனியாவில் இறந்தாள்.

கடைசி வாக்கியத்துக்கு முந்தைய மூன்றையும் நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. எழுத வேண்டாம் என்று நீ ஒருபோதும் சொன்னதில்லை. அது என் ஏற்பாடு.

நீ ஸ்டூடியோவில் சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? மதியம் ஒரு மாத்திரை போட வேண்டியிருந்தது. நீ மாத்திரை அட்டையை அப்படியே கைப்பைக்குள் போட்டாய். நான் அதை வெளியே எடுத்தேன். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி, உன் பொத்தான் டப்பாவில், கொக்கிகளுக்கும் சேஃப்டி பின்களுக்கும் அடியில் போட்டேன். "பேர் போட்ட அட்டையை யாரும் பாக்க வேண்டாம். ஒரு முன்னெச்சரிக்கைதான்" என்றேன். "மாத்திரை என்ன திருட்டு நகையாடா?" என்று கேட்டாய். நான் டப்பாவை மூடினேன். பத்தொன்பது ஆண்டுகள் பொத்தான்களுக்கு நடுவே துழாவித்தான் நீ மருந்து சாப்பிட்டாய்.

அந்தப் பின்னல் தகராறு வந்ததே, அன்றைக்கும் நான்தான் உன் வாயை அடைத்தேன். உங்கள் தொடரில் ஒரு சின்ன மருமகளுக்குப் பைத்தியம் பிடிப்பதாகக் கதை போயிற்று. நீ அந்த நடிகைக்கு எண்ணெய் வைத்து, இறுக்கப் பின்னி, இஸ்திரி போட்ட சேலை கட்டி அனுப்பினாய். இயக்குநர் திருப்பி அனுப்பினார். "கோமதி தீதி, பாகல்னா முடி விரிச்சுப் போடணும். இல்லாட்டி ஜனங்களுக்கு எப்படிப் புரியும்?" என்றாராம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டாய்.

"எனக்கும் அதே நோய்தான், நான் தெனம் தலை பின்னிக்கிட்டுத்தான் வாரேன்னு நாளைக்கு அந்த ஆள்ட்ட சொல்லட்டுமாடா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"வேலை போயிரும்."

"போகாது. நான் இல்லாட்டி அவங்களுக்கு எந்தச் சேலை எந்தக் காட்சின்னே தெரியாது."

"அக்கா, சொல்லுறதைக் கேளு. பேசாம இரு."

நீ பேசாமல் இருந்தாய். மறுநாள் அந்தப் பெண்ணின் முடி விரிந்தது. அந்த ஆண்டு முழுவதும் வங்காளத்தின் பல வரவேற்பறைகளில் அது விரிந்தே கிடந்தது.

உன் பின்னலுக்காக நானே ஒரு காலத்தில் சண்டை போட்டவன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உன்னை முதல்முறை மருத்துவமனையில் சேர்த்தபோது நான் சட்டக் கல்லூரி மாணவன். பேன் பிடிக்கும் என்று உன் முடியை வெட்ட ஓர் ஊழியர் கத்தரியோடு வந்தார். மருந்தினால் உன் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. உன்னால் பின்னிக்கொள்ள முடியவில்லை. "தினம் யார் பின்னிவிடுவா? இங்க ஆள் இல்லை" என்றார் அவர். "நான் வருகிறேன்" என்றேன். பதினேழு நாள் வந்தேன். எனக்குப் பின்னத் தெரியாது. "மூணு காலாப் பிரிடா. சட்டப் புத்தகத்துல பிரிவு, உட்பிரிவுன்னு பிரிக்கேல்லா, அதே மாதிரி" என்று நீயே சொல்லிக் கொடுத்தாய். ஒரு நாளும் நேராக வரவில்லை. கண்ணாடியைப் பார்த்து, "கோணலாத்தான் இருக்கு. இருந்தாலும் பின்னல்" என்றாய்.

அந்தத் துணிச்சல் எனக்கு எப்போது போயிற்று? வழக்கறிஞர் அங்கியைப் போட்ட பிறகா? தெரியவில்லை. பாதுகாப்பு என்று சொல்லித்தான் எல்லாவற்றையும் செய்தேன். யாருக்குப் பாதுகாப்பு என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நீ இறந்த அன்று, வண்டி வருவதற்கு முன், மித்ரா மாஷிமா என்னை மாடிப்படிக்கு அடியில் தனியே அழைத்தார். குரலைத் தாழ்த்தி, "உண்மையாவே நிமோனியாதானா, பாபா?" என்று கேட்டார். மூன்று முறை உன்னை அழைத்துப்போக வந்த வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார். மீதியைத் தொடர்களிலிருந்து நிரப்பிக்கொண்டார். அங்கே உன்னைப் போன்றவர்கள் காய்ச்சலில் இறப்பதில்லை. கூரையிலிருந்து குதிப்பார்கள், அல்லது யாரையாவது கொன்றுவிட்டுத்தான் போவார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து மருத்துவர் கொடுத்த சான்றிதழை எடுத்து, இறப்புக்கான காரணம் எழுதிய வரியில் விரலை வைத்துக் காட்டினேன். உன் உடல் உள்ளே கிடக்க, நான் வெளியே ஆவணத்தைத் தாக்கல் செய்துகொண்டிருந்தேன். நீ ஒரு சாதாரண மனுஷியைப் போலத்தான் இறந்தாய் என்பதற்கு ஆதாரம் காட்டினேன். அதை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

இனி இந்த ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன்.

நீ வேலை பார்த்த அதே நிறுவனம் சித்திரையில் புதுத் தொடர் ஒன்றைத் தொடங்கியது. அது சினிமா ஸ்டூடியோவில் நடக்கும் கதை. அதில் கமலா என்று ஓர் உடைக்காரி வருகிறாள். தெற்கிலிருந்து வந்தவள். கழுத்தில் அளவு நாடா, வளையலில் கோத்த சேஃப்டி பின்கள், தண்ணீரை ஜொல் என்னாமல் ஜல் என்று சொல்லும் வங்காளம். முதல் சில வாரங்கள் அவளை வைத்துச் சிரித்தார்கள். பிறகு ஒரு மாலை அவள் ஒரு டப்பாவைத் திறந்தாள். பொத்தான்களுக்கு அடியிலிருந்து மாத்திரைகளை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தாள். இடி இடித்தது. அடுத்த நிமிடம் தலைவிரி கோலமாகக் கத்தரிக்கோலோடு கதாநாயகியைத் துரத்தினாள்.

நானும் என் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "பொத்தான் டப்பா" என்றாள்.

அளவு நாடாவை யாரும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த டப்பா ஒன்றுதான் உலகத்தில் இருந்தது; நீ அதில் துழாவியதை அங்கே யாரோ பார்த்திருக்கிறார்கள். அதை உண்டாக்கியவன் நான். அந்தக் காட்சி முழுவதிலும் உண்மையாக இருந்த ஒரே விஷயம் மாத்திரையை ஒளித்து வைத்தது. அது உன் செயல் அல்ல, என்னுடையது. ஒளிக்கிறாள், ஆகவே ஆபத்தானவள் என்று கதை பேசிற்று. அதற்குச் சாட்சியத்தைத் தயாரித்துக் கொடுத்தவன் உன் தம்பி.

நீ பார்த்திருந்தால் வேறொன்றைப் பிடித்திருப்பாய். கமலா அந்த அறைக்குள் நுழையும்போது தலை பின்னியிருக்கிறது. ஜன்னலிலிருந்து திரும்பும்போது முடி இடுப்புவரை விரிந்திருக்கிறது. நடுவில் யாரும் அவிழ்க்கவில்லை. முடி பறக்கக் காற்றாடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பின்னலை மறந்துவிட்டார்கள். பைத்தியம் பிடித்த நொடியில் ரிப்பன் தானாகக் கழன்றுகொள்ளும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நீ இருந்தால் அந்தத் தவறு நடந்திருக்குமா?

மறுநாள் காலை மித்ரா மாஷிமா என் மனைவியிடம், "நம்ம கோமதி மாதிரியே இருந்துதே. இத்தனை வருஷம் மேல் மாடியில... நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்றார். இருபது ஆண்டுகள் நீ தைத்த ரவிக்கையைப் போட்டவர். நல்லவேளை என்கிறார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூமா வந்தாள். உன்னோடு பன்னிரண்டு ஆண்டுகள் அதே மேஜையில் தைத்த ரூமா, உன்னைத் தீதி, என்னைத் தாதா என்று அக்கா அண்ணனாகவே அழைப்பவள்; அவளும் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது உனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. இப்போது எனக்கும் சொன்னாள். உன் பொத்தான் டப்பாவையும் தொடர்ச்சி நோட்டுகளையும் துணிப்பையில் கொண்டுவந்திருந்தாள்.

"அந்த எபிசோடுக்கு அப்புறம் மேனேஜர் கத்தரிக்கோலை எல்லாம் எடுத்து அவர் டிராயர்ல வச்சுப் பூட்டிட்டாரு, தாதா. சும்மா தமாஷுக்குன்னு சொன்னாங்க. தமாஷ் மூணு வாரமா நடக்குது. ஒரு நூல் வெட்டணும்னாலும் போய்க் கேக்கணும். கேக்கப் போனா, 'மருந்து சாப்பிட்டியா கமலா'ன்னு ஒருத்தன் கேக்குறான்."

"நீங்கள் மாத்திரை சாப்பிடுவது அவர்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சிரும்னு நான் பத்து நாளா சாப்பிடல."

அக்கா, இந்தப் பத்து நாளுக்கு யார் பொறுப்பு என்று எந்தப் படிவத்தில் எழுதுவது? முதலில் மருத்துவரிடம் போகச் சொன்னேன். என் மனைவி அவளோடு போனாள். பிறகுதான் நான் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். வழக்கம்போல் ஜாக்கிரதையான கடிதம். உன் பெயரும் நோயின் பெயரும் அதில் இல்லை.

அழைத்துப் பேசினார்கள். அவர்களுடைய வழக்கறிஞர் இளைஞர், மரியாதை தெரிந்தவர், தேநீர் வரவழைத்தார்.

"ஆறுமுகம் தாதா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கமலா உங்க அக்காதான்னு எழுத்துல சொல்றீங்களா?"

"ஒற்றுமைகள் இருக்கின்றன என்கிறேன்."

"ஒற்றுமை எல்லாருக்கும் இருக்கும். எல்லாம் கற்பனைன்னு ஒவ்வொரு எபிசோடுக்கு முன்னாலயும் போடுறோம். பாருங்க தாதா, அது அவங்கதான்னு சொன்னா, உங்க அக்கா மென்டல் பேஷன்ட்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. அவங்க இல்லைன்னா, உங்களுக்கு இதுல என்ன குறை?" கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "போனவங்க பேரை ஏன் வீணாக் கெடுக்கணும்? உங்க மேல உள்ள மரியாதையிலதான் சொல்றேன்."

நல்ல கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்தேன். இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் சொல்லிவரும் வார்த்தை அது.

சட்டத்தில் பிடி இருக்கிறதா என்று தேடினேன். இறந்தவரைப் பற்றிய அவதூறும் குற்றமாகலாம். குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தது என்று காட்ட வேண்டும், அது கடினம். மனநல சிகிச்சை பெறுபவரைப் பற்றிய தகவலை அவர் சம்மதமின்றி ஊடகம் வெளியிடக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அது இறந்தவருக்கும், பெயர் மாற்றிய பாத்திரத்துக்கும் பொருந்துமா என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு, உறுதி இல்லை. எந்த வழியாகப் போனாலும் வாசலில் அந்த இளைஞரின் கேள்விதான் நின்றது.

ஒற்றுமைகளைக் குறித்துக்கொள்ளலாம் என்று உன் நோட்டுகளைப் பிரித்தேன். காட்சி, சேலை, எத்தனை மடிப்பு, எந்தத் தோளில் எத்தனை பின். உன் கையெழுத்து நேர்த்தியாக ஓடுகிறது. ஒவ்வொரு நாள் பக்கத்திலும் இடது ஓரத்தில், "உ. 1.30" என்று ஒரு குறிப்பு. முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த மருந்து ஒருவகை உப்புதான் என்று டாக்டர் சொன்னதிலிருந்து நீ அதை உப்பு என்பாய். மதிய மாத்திரை சாப்பிட்ட நேரத்தை ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறாய். எல்லாரும் புரட்டும் நோட்டில், மேஜைமேல் திறந்து கிடந்த நோட்டில், அங்கே ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத தமிழில். டப்பாவில் ஒளித்து வைத்தாய், நான் சொன்னதற்காக. நோட்டில் ஒளிக்கவில்லை.

அந்தத் தகராறு நடந்த மறுநாள் பக்கத்தையும் கண்டுபிடித்தேன். "காட்சி 22. சின்ன மருமகள். வெள்ளைத் தாந்த் சேலை, கசக்கியது. முடி விரித்து. இது தப்பு. தம்பி பேச வேண்டாங்கான்."

நோட்டை மூடவில்லை. அதன் பக்கத்திலேயே தாளை வைத்து, சேனலின் குறைதீர் அலுவலருக்குப் புகாரை எழுதினேன். முதல் பத்தியை உனக்கு அப்படியே தருகிறேன். "தொடரில் வரும் கமலா என்ற பாத்திரம் என் மறைந்த அக்கா கோமதியைப் பார்த்து அமைக்கப்பட்டது. ஆம், அது என் அக்காதான். ஆம், அவருக்கு இருமுனை மனநோய் இருந்தது. அவர் நாள்தோறும் தலை பின்னினார், மாத்திரை சாப்பிட்டார், வேலைக்கு வந்தார். மாத்திரையைப் பொத்தான் டப்பாவில் ஒளித்தது அவருடைய வஞ்சகம் அல்ல, என் கோழைத்தனம்."

எதிர்த்தரப்பு சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டியதையும் எழுதினேன். ஒருமுறை, நோய் உச்சத்தில் இருந்தபோது, நீ கத்தரிக்கோலை எடுத்தது உண்மை. வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் வெட்டினாய். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் பதினொரு தலையணை உறை தைத்தாய். தடுக்க வந்த என்னை ஓர் அறை அறைந்தாய், இடது கையால். அவ்வளவுதான் உன் வன்முறை வரலாறு. அந்த உறைகளில் இரண்டு இன்னும் எங்கள் கட்டிலில் இருக்கின்றன. வெட்டு ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ரூமாவுக்குத் தொலைபேசினேன். புகார் போனால் உன் மேஜையில் தைத்தவர்களை எல்லாரும் உற்றுப் பார்ப்பார்கள், அவளுக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டியிருந்தது. "நீங்க போடுங்க தாதா. நான் நாளைக்கு மாத்திரையை அட்டையோட மேஜைமேல வைக்கிறேன். எவன் என்ன கேக்குறான்னு பாப்போம்" என்றாள். வைத்தாள். இரண்டு நாள் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். மூன்றாம் நாள் விளக்குப் பிரிவு ஆள் ஒருவர் தயங்கிக்கொண்டே வந்து, "தீதி, இந்த டாக்டர் எங்க இருக்காரு? என் தங்கச்சிக்குக் கேக்கணும்" என்றாராம்.

கீழ் வீட்டுக்கும் போனேன். ஏழு மணித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாஷிமா என் பக்கம் திரும்பினார். "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? அவ தைச்ச ரவிக்கை எட்டு வச்சிருக்கேன். ஒண்ணுகூட இதுவரைக்கும் பிரியல" என்றார், என்னைக் குற்றம் சொல்லும் குரலில். பிறகு தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். அணைக்கவில்லை. இன்றைக்கு அவ்வளவுதான் கிடைத்தது, அக்கா.

மலரின் ஆசிரியர் நம் நண்பர்தான். நோயின் பெயரை விட்டு, உடல்நலக் குறைவு என்று போட்டுக்கொள்ளலாமே என்று அன்போடு கேட்டார். ஒரு சொல் மாறினாலும் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்றேன். நான் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

சேனலிலிருந்து பதில் வந்துவிட்டது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இளைஞரும் இருப்பார். உன் நோட்டுகளைக் கொண்டுபோகிறேன். இழப்பீடு கேட்கப் போவதில்லை. ஒரே ஒரு காட்சி கேட்கப் போகிறேன். கமலா தலை பின்னி உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் கத்தரிக்கோல், மேஜைமேல் மாத்திரை அட்டை. அவள் ஒரு ரவிக்கையைத் தைத்து முடிக்க வேண்டும். வேறு எதுவும் நடக்கக் கூடாது.

ஒப்புக்கொள்வார்களா? எதுவும் நடக்காத காட்சியை யார் பார்ப்பார்கள் என்று கேட்பார்கள். நீ அப்படித்தான் முப்பத்தோரு ஆண்டுகள் வாழ்ந்தாய். அதைப் பார்க்கப் பழகட்டும். மறுத்தால் அதற்கு மேலே ஓர் அமைப்பு இருக்கிறது, அதற்கும் மேலே நீதிமன்றம் இருக்கிறது. நான் தோற்கலாம், அதையும் மறைக்கவில்லை. ஆனால் இனி எந்த அறையில் யார் அந்தக் கேள்வியைக் கேட்டாலும், யோசித்துச் சொல்கிறேன் என்று எழ மாட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே பதில் சொல்வேன். இது என் வாக்கு.

உன் பொத்தான் டப்பா என் அலுவலக மேஜைமேல் இருக்கிறது. இப்போது அதில் பொத்தான்கள் மட்டும்தான்.

பதினேழு நாள் கோணலாகவே பின்னிவிட்ட உன் தம்பி,
ஆறுமுகம்